முட்டி அடிக்கு அப்புறம் வர்ற பயத்தை சத்தத்தை வெச்சு குறைக்கிறது எப்படி: கபடி ஆடுறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளைப் புடிச்சு வெக்கிற ஒரு ஜவ்வு) ஆபரேஷன் முடிஞ்சு 8, 9 மாசம் ஆயிருக்கும், ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்கும், தொடையில பலம் திரும்பியிருக்கும், டாக்டரும் ஆடலாம்னு சொல்லியிருப்பாரு, ஆனா மேட்ல ஏறி பாடிப் போனா அந்தக் காலை ஊனி சட்டுனு திரும்புற இடத்துல மட்டும் உடம்பு ஒத்துக்காது. கபடி ஆடுற எந்த ஊர்லயும் இப்படி ஒரு பையனோ பொண்ணோ இருப்பாங்க, அவங்களப் பாத்து "பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்"னு சொல்றவங்களும் இருப்பாங்க. அந்தப் பேச்ச மொதல்ல நிறுத்தணும். மூளை அந்தக் காலை இன்னும் காப்பாத்திக்கிட்டு இருக்கு, ஆபத்து தாண்டிருச்சுங்கிற சேதி அதுக்கு இன்னும் போய்ச் சேரல, அவ்வளவு தான்.

இதுக்கு கினீசியோஃபோபியான்னு பேரு, 1990ல இருந்து மருத்துவத்துல புழங்குற பேரு. அசைஞ்சா திரும்ப அடிபட்டுருமோன்னு அளவுக்கு மீறி வர்ற பயம். பயத்துல அந்த அசைவையே தவிர்ப்போம், தவிர்க்கத் தவிர்க்க தசை சுருங்கும், தசை சுருங்கினா கால் தள்ளாடும், தள்ளாடுனா பாத்தியா நான் சொன்னேன்லன்னு பயம் இன்னும் ஏறும். 2014ல கிளேர் ஆர்டெர்னும் அவங்க குழுவும் ஏசிஎல் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 7,500 பேருக்கு மேல உள்ள தகவல்களைச் சேத்து பாத்தப்போ, 81 சதவீதம் பேரு ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருக்காங்க, ஆனா அடிபடுறதுக்கு முன்னாடி இருந்த லெவலுக்குப் போனவங்க 65 சதவீதம் தான், போட்டி லெவலுக்குப் போனவங்க 55 சதவீதம் தான். நடுவுல விட்டுப் போனவங்க எல்லாருக்கும் முட்டி தான் காரணம்னு சொல்ல முடியாது, மனசு தயாராகாம நின்னவங்களும் அதுல நிறைய.

இந்த வழிகாட்டி அந்த மனசுப் பகுதிக்கு. சத்தம்னு சொன்னதும் கண்ண மூடிக்கிட்டு புல்லாங்குழல் கேக்குறதுன்னு நெனச்சிராதீங்க. அது ஒரு சின்ன பகுதி. உண்மையான வேலை நடக்குறது, அசையும்போது கூடவே வர்ற சத்தத்துல தான், அதுவும் ஒரு கட்டத்துல அந்தச் சத்தத்தையும் நாமளே எடுத்துரணும், எடுத்தாத்தான் முழுசா குணம்.

சத்தம் எதுக்கு வேலை செய்யுது

தாளம் கேட்டா, ஆடாம அசையாம உக்காந்திருந்தாலும் கூட, மூளையில அசைவைத் திட்டம் போடுற பகுதிகள் விழிச்சுக்கும். 2007ல ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் ரெண்டு பேரும் இதை மூளை ஸ்கேன்ல காட்டியிருக்காங்க. அடுத்த அடி எப்ப விழும்னு காதுக்கு முன்னாடியே தெரியுறதால காலும் முன்கூட்டியே தயாராகுது. 1990கள்ல மைக்கேல் தவுட் இதே விஷயத்தை வெச்சு தான் பக்கவாதம் வந்தவங்களையும் பார்க்கின்சன் நோய் உள்ளவங்களையும் தாளத்துக்கு நடக்க வெச்சாரு, இன்னைக்கு வரைக்கும் அது நல்லா நிலைச்சு நிக்குற சிகிச்சை.

ரெண்டாவது, சத்தம் நம்ம கையில இருந்து வரணும். ஜெர்மனியில லைப்ஸிக்ல தாமஸ் ஃப்ரிட்ஸ் குழு 2013ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, உடற்பயிற்சி மெஷின்லயே ஆளு அசைய அசைய இசை உருவாகுற மாதிரி செஞ்சு வெச்சாங்க. சும்மா பாட்டு கேட்டுக்கிட்டே செஞ்சவங்கள விட, தானே இசையை உருவாக்கிக்கிட்டு செஞ்சப்போ களைப்பு கம்மியா தெரிஞ்சுச்சு. பயந்துபோன உடம்புக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா "இது என் கட்டுப்பாட்டுல இருக்கு"ங்கிற உணர்வு தான் அடிபட்ட அன்னைக்கு பறிபோச்சு.

மூணாவது விஷயத்தை யாரும் அவ்வளவா பேசுறதில்ல. அந்தப் பயமே பல பேருக்கு ஒரு சத்தத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஜவ்வு கிழியும்போது "டப்"புனு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு பாதிக்கப்பட்டவங்க நிறைய பேரு சொல்வாங்க, அந்த ஒரு நொடி காதுலயே தங்கிரும். அப்புறம் முட்டி மடக்கும்போது வர்ற சின்ன கடகட சத்தம் கூட "ஐயோ திரும்பவும் போச்சு"ன்னு கேக்கும். அதனால இந்தப் பயத்துக்கு சத்தத்தை ஒதுக்கி வெச்சிட்டு வைத்தியம் பாக்கவே முடியாதுன்னு நான் நம்புறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

டாக்டரும் பிசியோவும் "இந்த அசைவு செய்யலாம்"னு சொன்னதை மட்டும் தான் இதுல செய்யணும். சத்தம் பிசியோ பயிற்சிக்குத் துணை, அதுக்குப் பதில் இல்ல. முட்டி வீங்கியிருக்கு, பூட்டிக்கிட்டு நீட்ட வரமாட்டேங்குது, நடக்கும்போது திடீர்னு மடங்குது, காய்ச்சல் அடிக்குது, கெண்டைக்கால் வீங்கி வலிக்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வழிகாட்டிய மூடி வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கெண்டைக்கால் வீக்கம் ரத்தக்கட்டியா கூட இருக்கலாம், அதுல ஒரு நாள் கூட தள்ளிப் போடக்கூடாது.

அப்புறம் பயத்தை அளந்து வெச்சுக்கணும். டாம்பா ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 17 கேள்வி, மார்க் 17ல இருந்து 68 வரைக்கும் வரும், 37க்கு மேல போனா பயம் அதிகம்னு பொதுவா எடுத்துக்குவாங்க. ஏசிஎல் அடிக்குன்னே ஏசிஎல்-ஆர்எஸ்ஐன்னு 12 கேள்வி உள்ள ஒரு படிவம் 2008ல வந்துச்சு, அதுல 0ல இருந்து 100 வரைக்கும், மார்க் கூடக்கூட மனசு தயாரா இருக்குன்னு அர்த்தம். பிசியோகிட்ட கேட்டா குடுப்பாங்க. இது ரெண்டோட சேத்து உங்க சொந்த லிஸ்ட் ஒண்ணு எழுதுங்க, அது தான் தினமும் உதவப் போறது. மாடிப்படி இறங்குறது, ஒத்தைக்கால்ல நிக்குறது, குதிச்சு இறங்குறது, ஓடிக்கிட்டே திரும்புறது, போனஸ் லைனுக்கு காலை நீட்டுறது, கார்னர்ல நிக்குறவன் கணுக்காலைப் புடிக்க வர்றப்போ இழுத்துக்கிட்டு பின்னாடி போறது, இப்படி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 0ல இருந்து 10 வரைக்கும் பயம் எவ்வளவுன்னு எழுதி, கம்மியில இருந்து அதிகமா வரிசைப்படுத்திக்கோங்க. இனிமே நாம ஏறப் போற படிக்கட்டு இதான்.

சாமான்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. போன்ல ஒரு மெட்ரோனோம் ஆப் (சீரா டிக் டிக்னு தாளம் போடுறது), ஒரு ரெக்கார்டர், ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். காதை முழுசா அடைக்கிற ஹெட்ஃபோன் வேண்டாம், சொந்தக் கால் சத்தம் கேக்காம போயிரும். சத்தத்தையும் அளவா வைங்க, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல கேக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுக்கு மேல ஏத்தினா நேரம் வேகமா குறையும்.

படி 1: எந்தச் சத்தம் பயமுறுத்துதுன்னு கண்டுபிடிங்க

ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. எந்தச் சத்தம் கேட்டப்போ உடம்பு இறுகுச்சு? முட்டியில கடகடவா, மேட்ல யாரோ விழுற "தொப்"பா, விசிலா, கேலரியில கூட்டம் "ஓ"ன்னு கத்துறதா, இல்ல "ஏய் புடி புடி"ன்னு எதிர் டீம் கத்துறதா? ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா இருக்கும். கிழிஞ்ச அன்னைக்கு கேட்ட சத்தம் தூக்கத்துல வருது, கேட்டதும் வேர்த்து நெஞ்சு படபடன்னு அடிக்குது, அந்த கிரவுண்டு பக்கமே போக முடியலைன்னு இருந்தா அது சாதாரண பயத்தைத் தாண்டிருச்சு, ஒரு மனநல மருத்துவர் இல்லைன்னா விளையாட்டு உளவியலாளர் கூட சேந்து தான் மேல போகணும். அந்த "டப்" சத்தத்தை யூடியூப்ல தேடிப் போட்டு "கேட்டுப் பழகு"ன்னு சொல்றது கொடுமை, யாரும் அதைச் செய்யாதீங்க.

படி 2: முட்டி பேசுற சத்தத்தைப் புரிஞ்சுக்கிறது

இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க, ஏன்னா பாதி பயம் இங்கயே கரையும். வலி இல்லாம, வீக்கம் இல்லாம வர்ற கடகட சத்தம், நறநற சத்தம் பெரும்பாலும் ஆபத்து கிடையாது, அடியே படாதவங்க முட்டியிலயும் அது வரும். ஆனா அதோட அர்த்தம் தெரியாதவங்க என்ன பண்றாங்கன்னு 2017ல கிளேர் ராபர்ட்சன் ஒரு ஆராய்ச்சியில முட்டிச்சிப்பி வலி உள்ளவங்ககிட்ட பேசிப் பாத்தாங்க. எலும்பு தேயுது, வயசாயிருச்சுன்னு அவங்களா முடிவு பண்ணி, அந்தச் சத்தம் வர்ற அசைவையே தவிர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல டாஷா ஸ்டாண்டன் குழு முதுகுவலி உள்ளவங்க முதுகை அழுத்தும்போது கூடவே கதவு கிறீச்சிடுற மாதிரி ஒரு சத்தத்தைக் கேக்க வெச்சாங்க. சத்தம் மாறினதும் அவங்க உணர்ற அழுத்தத்தோட அளவே மாறுச்சு. காதுல விழுறதை வெச்சு தான் மூளை உடம்பு எவ்வளவு பத்திரமா இருக்குன்னு கணக்கு போடுது.

செய்ய வேண்டியது இது தான். நாற்காலியில உக்காந்து நல்ல முட்டியில கைய வெச்சு மெதுவா 10 தடவ மடக்கி நீட்டுங்க, சத்தம் வருதான்னு கேளுங்க. அப்புறம் அடிபட்ட முட்டி. பல பேருக்கு நல்ல முட்டியிலயும் சத்தம் வர்றதைக் கேட்டதும் முகமே மாறிரும். ஒவ்வொரு தடவையும் சத்தம் வந்ததும் வாய்விட்டு சொல்லுங்க, "சத்தம் இருக்கு, வலி 0, வீக்கம் இல்ல". சின்னப்புள்ளத்தனமா தெரியலாம், செய்ங்க. ஆனா சத்தத்தோட வலியும் வீக்கமும் சேந்து வந்தா அன்னைக்கே பிசியோகிட்ட காட்டணும்.

படி 3: மூச்சும் முனகலும்

அமைதியான சத்தத்துக்கு வேலை இங்க தான். 4 எண்ணுற வரைக்கும் மூக்குல மூச்சு இழுத்து, 6 எண்ணுற வரைக்கும் "ம்ம்ம்"னு முனகிக்கிட்டே விடுங்க, ஒரு நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், 5 நிமிஷம் போதும். வெளிவிடுற மூச்சு நீளமாகும்போது நாடித்துடிப்பு இறங்கும். பழகினதும் முனகலுக்குப் பதிலா "கபடி கபடி கபடி"ன்னு மெதுவா, சத்தம் அடங்கி, ஒரே மூச்சுல பாடுங்க. ரெய்டருக்கு மூச்சை அடக்கி பாடுறது புதுசில்ல, ஆனா அடிபட்டதுக்கு அப்புறம் அந்தப் பாட்டே பதட்டத்தோட சேந்து போயிருக்கும். இப்ப அதை அமைதியோட சேத்து வெக்கிறோம். பின்னாடி மேட்ல இது கைகொடுக்கும், ஏன்னா ஹெட்ஃபோனை மேட்டுக்குக் கொண்டு போக முடியாது, பாட்டைக் கொண்டு போகலாம், நடுவர் காதுல விழுற மாதிரி பாடித்தான் ஆகணும்.

படி 4: நடை

நொண்டுறது வலி போனதுக்கு அப்புறமும் பழக்கமா தங்கிரும். மொதல்ல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி வெக்கிறீங்கன்னு எண்ணிப் பாருங்க, சாதாரணமா 100ல இருந்து 120 வரைக்கும் இருக்கும். உங்க நம்பர் 92னா மெட்ரோனோமை 92ல வைங்க, ஆப்ல ஆரம்பத்துலயே 115 போட்டுட்டு அதைத் துரத்தாதீங்க. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கால். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ 3, 4 கூட்டுங்க. செருப்பு இல்லாம ஷூ போட்டு, சிமெண்ட் தரையில நடந்து, போனைக் கீழ வெச்சு ரெக்கார்டு பண்ணி கேளுங்க. "டக், டக், டக், டக்"னு சமமா வருதா, இல்ல "டக்-டட், டக்-டட்"னு ஒரு பக்கம் அவசரப்படுதா? கண்ணாடியில தெரியாத நொண்டல் காதுக்குத் தெரிஞ்சிரும்.

மெட்ரோனோம் டிக் டிக் எரிச்சலா இருந்தா அந்த வேகத்துல உள்ள பறை, நையாண்டி மேளம், பிடிச்ச குத்துப்பாட்டு எது வேணா போடலாம். பிடிச்ச இசை தான் வேலை செய்யும், பிசியோவுக்குப் பிடிச்சது செய்யாது. ஓட ஆரம்பிக்கிற கட்டத்துலயும் இதே மாதிரி தான், நிமிஷத்துக்கு வெக்கிற அடிய 5ல இருந்து 10 சதவீதம் கூட்டினா முட்டி மேல விழுற சுமை குறையும்னு 2011ல பிரையன் ஹைடர்ஷைட் குழு அளந்து சொல்லியிருக்காங்க. நீட்டி நீட்டி ஓடாம சின்னச் சின்ன அடியா, தாளத்துக்கு ஓடுங்க.

படி 5: மடக்கும்போது ச ரி க ம

எனக்கு ரொம்பப் பிடிச்ச படி இது. லண்டன்ல அனீஷா சிங், நாடியா பெர்தூஸ் குழு நாள்பட்ட வலி உள்ளவங்களுக்காக ஒரு கருவி செஞ்சாங்க, உடம்புல கட்டிக்கிட்டு குனிஞ்சா அசைவுக்குத் தக்க மாதிரி சத்தம் மாறும். எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு காது சொல்றதால நம்பிக்கை வருது. அதே குழுவைச் சேந்தவங்க 2016ல இன்னொண்ணும் பாத்தாங்க, இசை முடிவுக்கு வராம தொங்கி நின்னா இன்னும் கொஞ்சம் அசையத் தோணும், முடிஞ்ச மாதிரி கேட்டா உடம்பு நிறுத்திக்கும்.

நம்மகிட்ட அந்தக் கருவி இல்ல, ஆனா நமக்கு ஸ்வரம் இருக்கு. போன்ல ஒரு கீபோர்டு ஆப் போதும், இல்ல கூட இருக்குறவரு வாயால பாடினாலும் சரி. சுவத்துல முதுகை வெச்சு மெதுவா உக்கார்ற பயிற்சிக்கு, நின்ன நிலையில "ச", கொஞ்சம் இறங்கினா "ரி", இன்னும் இறங்கினா "க", "ம". இன்னைக்கு பிசியோ குடுத்த அளவு எதுவோ அங்க நிறுத்தி, அதே வழியில திரும்பி "ச"வுக்கு வாங்க. மறுபடியும் "ச"ல வந்து நின்னதும் உடம்பு வீடு வந்து சேந்த மாதிரி தளர்றதை நீங்களே உணர்வீங்க. ஒரு படி கூட ஏறணும், ஆனா பயமா இருக்குன்னா, ஏறி நிக்குற பயிற்சியில "ப த நி"ன்னு பாடி "நி"யில நிறுத்தச் சொல்லுங்க. காது மேல் "ச"வைக் கேக்கும், காலும் அந்தக் கடைசி அங்குலத்தை எடுத்துக்கும். எதிர்மாறா, ஆர்வக்கோளாறுல அளவுக்கு மீறி செய்ற பசங்களுக்கு இன்னைக்கு அளவு வந்ததும் அழுத்தமா "ச"ல முடிச்சிருங்க. வலி 10க்கு 3ஐத் தாண்டுனாலோ மறுநாள் காலைல முட்டி உப்பியிருந்தாலோ ஒரு ஸ்வரம் கீழ இறங்குங்க.

படி 6: சத்தம் இல்லாம இறங்குறது

நியூசிலாந்துல பீட்டர் மெக்நேர் குழு 2000த்துல செஞ்ச ஆராய்ச்சி எளிமையானது. ஒரு பெட்டி மேல இருந்து குதிக்கிறவங்களுக்கு, இறங்குற சத்தத்தைக் கேட்டு அடுத்த தடவ அதைக் குறைக்கச் சொன்னாங்க, தரையில இருந்து காலுக்குத் திரும்பி வர்ற விசை குறைஞ்சுச்சு. முட்டியை இத்தனை டிகிரி மடக்கு, இடுப்பைப் பின்னாடி தள்ளுன்னு பயந்துபோன ஆளுகிட்ட சொன்னா அவரு முட்டியையே நெனச்சு இன்னும் இறுகிருவாரு. "சத்தம் வராம இறங்கு"ன்னு சொன்னா கவனம் தரைக்குப் போயிரும், முட்டி தானா மடங்கும்.

15, 20 சென்டிமீட்டர் உயரத்துல, ரெண்டு காலும் சேத்து ஆரம்பிங்க. ஒவ்வொரு 5 குதிப்பையும் ரெக்கார்டு பண்ணி கேளுங்க, "தொம்"னு ஒரே சத்தமா வருதா, "த-தொம்"னு ரெண்டா பிரிஞ்சு வருதா? பிரிஞ்சு வந்தா நல்ல கால் முன்னாடி போய் சுமையைத் தாங்கிக்குது, அடிபட்ட கால் ஒளிஞ்சுக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஒத்தைக்கால், அப்புறம் மேட்ல, அப்புறம் கொஞ்சம் உயரம். ஆனா இதுலயே நின்னுராதீங்க. எப்பவும் பூனை மாதிரி இறங்கணும்னு நெனக்கிறதே ஒரு புது பயமா மாறிரும், ரெய்டுல பாயும்போது சத்தம் வரத்தான் செய்யும், அதனால கடைசி வாரங்கள்ல வேகமா, சத்தத்தோட குதிச்சும் பழகணும்.

படி 7: தகதிமில இருந்து தகிடவுக்கு

பக்கவாட்டு அடி, முன்னும் பின்னும் ஓடுறது, குதிச்சுக் குதிச்சு போறது எல்லாத்தையும் சொல்கட்டு (மிருதங்கத்துக்கும் பரதத்துக்கும் வாயால சொல்ற தாளச் சொல்) சொல்லிக்கிட்டே செய்ங்க. ஒரு எழுத்துக்கு ஒரு அடி. "தகதிமி தகதிமி"ன்னு நாலு நாலா போனா அழுத்தம் விழுற "த" எப்பவும் ஒரே காலுக்குத் தான் வரும், பயப்படுறவரு தன்னையறியாம நல்ல காலுக்கே அதைக் குடுத்துருவாரு. ஆரம்பத்துல அது பரவாயில்ல, பழகட்டும். ரெண்டு வாரம் கழிச்சு "தகிட தகிட"ன்னு மூணுக்கு மாத்துங்க, இப்ப அழுத்தம் ஒரு தடவ வலது, ஒரு தடவ இடதுன்னு மாறி மாறி விழும், ஒளிய இடம் இருக்காது. கணக்கு தானே காலை இழுத்துட்டுப் போயிரும், "அந்தக் கால்ல அழுத்தி மிதி"ன்னு கோச் கத்த வேண்டியதே இல்ல.

இந்த இடத்துல தான் பல பேரு ஏமாறுறாங்க. தாளத்துக்கு அருமையா ஆடுவாங்க, மேட்டுக்குப் போனா மறுபடி பயம். ஏன்னா தாளம்னா அடுத்தது என்னன்னு தெரியும், கபடியில தெரியாது. அதனால தாளத்தை நாமளே உடைக்கணும். கூட இருக்குறவரு முதுகுக்குப் பின்னாடி நின்னு எப்ப வேணா கை தட்டுவாரு, ஒரு தட்டுன்னா இடது, ரெண்டு தட்டுன்னா வலது. அடுத்து உண்மையான விசில். அடுத்து "புடி"ன்னு கத்தின உடனே பின்னாடி பாயணும். மொதல்ல பாதி வேகத்துல, அப்புறம் முழு வேகத்துல.

படி 8: கூட்டத்தோட சத்தத்தை உள்ள கொண்டு வர்றது

உங்க ஊர் மேட்ச் ஒண்ணை போன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க, கமெண்ட்ரி, விசில், மேட்ல விழுற சத்தம், கூட்டம் எல்லாம் இருக்கணும். முதல்ல உக்காந்து, சத்தத்தைக் கம்மியா வெச்சு கேக்குறது. அப்புறம் கண்ணை மூடி அதோட ஒரு ரெய்டைக் கற்பனை பண்றது. கற்பனையை லேசா எடுத்துக்காதீங்க, 2001ல கியூபலும் ப்ரூவரும் ஏசிஎல் ஆபரேஷன் பண்ண 30 பேரை வெச்சு செஞ்ச ஆராய்ச்சியில, 10 தடவ தளர்வு பயிற்சியும் கற்பனைப் பயிற்சியும் செஞ்ச குழுவுக்கு 24வது வாரத்துல முட்டி பலம் கூடவும், வலியும் திரும்ப அடிபடும்ங்கிற பயமும் கம்மியாவும் இருந்துச்சு.

உங்க குரல்லயே, உங்க ஊர் பேச்சுலயே ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கோங்க. உதாரணத்துக்கு இப்படி: "நடுக்கோட்டைத் தாண்டுறேன், கபடி கபடி, மேட் காலுக்குக் கீழ மெத்துன்னு இருக்கு. ரைட் கார்னர் குனியுறான். வலது காலை ஊனுறேன், முட்டி மடங்குது, தாங்குது. திரும்புறேன். மூச்சு இன்னும் இருக்கு. கோட்டைத் தாண்டி உள்ள வந்துட்டேன்." கடைசியில பத்திரமா திரும்பி வர்றது கண்டிப்பா இருக்கணும்.

அப்புறம் அதே சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு மேட்ல நிஜமாவே செய்றது, ஆள் இல்லாம, அப்புறம் தொடாம நிக்குற ஒரு டிஃபெண்டரோட, அப்புறம் லேசா புடிக்கிற ஆளோட, அப்புறம் முழு கேட்ச். சத்தத்தையும் அசைவையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க, ஒண்ணு ஏறினா இன்னொண்ணு அப்படியே இருக்கணும். ஒவ்வொரு தடவையும் செய்றதுக்கு முன்னாடி ஒரு அட்டையில "என்ன ஆகும்னு நெனக்கிறேன், எத்தனை சதவீதம்"னு எழுதுங்க, முடிச்சதும் நிஜமா என்ன ஆச்சுன்னு எழுதுங்க. "முட்டி மடங்கிரும், 70 சதவீதம்"னு எழுதினவரு கீழ "மடங்கல"ன்னு தன் கையால எழுதுறது தான் மருந்து. பழைய பயம் மூளையில இருந்து அழியாது, அதுக்குப் பக்கத்துல ஒரு புது அனுபவம் பதியும், ரெண்டுல எது பலமா இருக்கோ அது ஜெயிக்கும். அதனால தான் இடத்தை மாத்தி மாத்தி செய்யணும், மேட், மண்ணு கிரவுண்டு, லைட்டு போட்ட ராத்திரி கிரவுண்டு, பக்கத்து ஊரு. பிசியோ ரூம்ல போன பயம் அடிபட்ட கிரவுண்டுல திரும்பி வர்றது சகஜம்.

படி 9: சத்தத்தை எடுக்குறது

பாட்டு இல்லாம குதிக்க மாட்டேன்னு வந்து நின்னா பயம் போகல, ஹெட்ஃபோனுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. மூணு செட் செஞ்சா முதல் செட்டுக்கு மட்டும் பாட்டு, அடுத்த வாரம் பாட்டு பாதியில நிக்கட்டும், கால் அதே வேகத்துல போகுதான்னு பாருங்க, அப்புறம் மனசுக்குள்ள மட்டும் தகிட, அப்புறம் ஒண்ணும் இல்லாம. கடைசியில மிஞ்ச வேண்டியது ரெய்டரோட பாட்டு மட்டும் தான்.

கோச்சுக்கும் வீட்டுல இருக்கவங்களுக்கும்

உங்க குரலும் ஒரு சத்தம் தான். "பாத்து பாத்து, கால் கால்!"னு ஒவ்வொரு தடவையும் கத்துற அம்மா பாசத்துல தான் கத்துறாங்க, ஆனா அந்தக் காலு இன்னும் ஒடஞ்சு தான் இருக்குன்னு காது கேக்குது. "என்னடா பயம்?"ங்கிற கோச் குரலும் அதே வேலையைத் தான் செய்யுது. என்ன செய்யணுமோ அதை மட்டும் ஒரு வார்த்தையில சொல்லுங்க, "மெதுவா", "திரும்பு", "பாடு". நல்லா செஞ்சா என்ன நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க, "இந்தத் தடவ ஒரே சத்தமா இறங்கின"ன்னு.

கவனிக்க வேண்டிய சில

இசை களைப்பை மறைக்கும், வலியையும் ஓரளவு மறைக்கும், அதனால எத்தனை தடவைன்னு முன்னாடியே முடிவு பண்ணி அதோட நிறுத்துங்க, பாட்டு நல்லா போகுதேன்னு கூட பத்து போடாதீங்க. 432 ஹெர்ட்ஸ் கேட்டா ஜவ்வு ஒட்டும், 528 ஹெர்ட்ஸ் செல்லைப் புதுப்பிக்கும்னு வர்ற வீடியோக்களுக்கு ஆதாரம் கிடையாது, அதுக்குக் காசு கேக்குறவங்ககிட்ட இருந்து தள்ளியே இருங்க. காது கேளாத வீரர்களுக்கு இதே படிகளை அதிர்வை வெச்சு செய்யலாம், மெட்ரோனோம் ஆப்கள் பலதுலயும் வைப்ரேஷன் இருக்கு, கையில கட்டிக்கலாம், மரப்பலகை மேல நின்னா தாளம் காலுக்கே தெரியும்.

எவ்வளவு நாள் ஆகும்னா ஆளுக்கு ஆள் மாறும், வாரத்துக்கு மூணு நாலு தடவ, ஒரு தடவைக்கு 20, 30 நிமிஷம் போதும். ஆனா பயம் சீக்கிரம் போயிருச்சுங்கிறதுக்காக மேட்ச்சுக்கு அவசரப்படக்கூடாது, ஒட்டின ஜவ்வு பலமாக அதுக்குன்னு காலம் வேணும். 2016ல ஹெகே கிரிண்டெம் குழு வெளியிட்ட கணக்குப்படி, 9 மாசம் வரைக்கும் தள்ளிப் போடுற ஒவ்வொரு மாசத்துக்கும் திரும்ப அடிபடுற வாய்ப்பு ஏறக்குறைய பாதியா குறையுது. பயமே இல்லாம 6வது மாசத்துல மேட்ல ஏறுறவன் தான் எனக்குக் கவலை. 9 மாசம் தாண்டியிருக்கணும், ரெண்டு காலோட பலமும் ஒத்தைக்கால் குதிப்பு தூரமும் ஒப்பிட்டா அடிபட்ட கால் 90 சதவீதமாவது வரணும், ஏசிஎல்-ஆர்எஸ்ஐ மார்க்கும் ஏறியிருக்கணும், இது எல்லாம் சேந்து வந்தா தான் டாக்டர், பிசியோ, கோச் உக்காந்து முடிவெடுக்கணும்.

மேட்ச்சுக்குத் திரும்பினதுக்கு அப்புறமும் ஒரு மோசமான விழுதல், ஒரு முரட்டு ஆங்கிள் ஹோல்ட் (கணுக்கால் பிடி), பயத்தைத் திரும்பக் கொண்டு வரும். முட்டியை பிசியோ பாத்து ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும், அன்னைக்கு ராத்திரி மூச்சுப் பயிற்சி, மறுநாள் லிஸ்டுல ரெண்டு படி இறங்கி அங்க இருந்து ஆரம்பிங்க, ஒண்ணாம் படிக்குப் போக வேண்டியதில்ல. முதல் தடவ மாசக்கணக்கா ஏறின படி இந்தத் தடவ சில நாள்லயே ஏறிரும், அட்டையை மட்டும் மறக்காம எழுதுங்க.